ஓர் அரிசி அகலம்

"உள்ள உக்காந்து யாருப்பா தீக்குச்சி உரசறது?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தாள். வண்டி எப்படி ஓடுகிறது என்று அப்போதுதான் அப்பா விளக்கிச் சொல்லியிருந்தார். பெட்ரோல் உள்ளே போகும், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், அது சக்கரத்தைத் தள்ளும், நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இதே வேலை என்று. அத்தனையும் கேட்டுவிட்டுக் குழந்தை ஒரே ஒரு சந்தேகம் கேட்டது.

"யாரும் இல்லடா கண்ணு. அதெல்லாம் தானா நடக்கும்."

"தானா எப்படிப்பா?"

அப்பா வண்டியைக் கிளப்பி, தெருவில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டார். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. டேங்க் மேல் உட்காருவதில்லை. ஆனால் எல்லாம் தானாக நடக்கிறது என்ற எண்ணம் மட்டும் அப்பாவிடம் அப்படியே தங்கிவிட்டது.

அவருக்குத் தெருவில் ரத்தக்காரர் என்று பெயர். கேட்டால் பயமாக இருக்கும். ஆள் ஓர் எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கிறவர். கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தக் குழாய்களை ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, காலை ஒன்பது மணிக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவர் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை, அதே மோட்டார் சைக்கிள், அதே பெட்டி.

இந்த வேலையால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைத் தொட்டாலும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார். பெட்டியைத் துடைப்பார், வண்டியின் கைப்பிடியைத் துடைப்பார், செல்போனைத் துடைப்பார். ஒருநாள் சர்க்கரை டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி, "நான் ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்கிறதில்லை, என்னையும் துடைச்சிடுவாரு" என்று தன் தம்பியிடம் போனில் சொன்னாள்.

ரத்தக்காரர் குடியிருப்பது இரண்டாம் மாடியில்; வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே. அதற்கு நேர் மேலே, முதல் மாடி ஜன்னல், லிஃப்ட்காரர் வீட்டுடையது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் லிஃப்டே இல்லாத கட்டடத்தில் குடியிருக்கிறாரே என்று தெருவில் ஒரு கேலி உண்டு. ரத்தக்காரருக்கு அந்தக் கேலியில் சிரிக்கும் உரிமைகூட இல்லை. இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் வண்டி லேசில் கிளம்பாது. காலை ஐந்து மணிக்குப் பத்து உதை, பதினைந்து உதை. லிஃப்ட்காரரின் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் இரண்டு நாள் இருட்டு அறையில் கிடப்பாள். ஒருநாள் விடியலில் லிஃப்ட்காரர் கலைந்த தலையோடு இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளிக்கிட்டுப் போய் உதைக்கக் கூடாதா சார்" என்று கேட்டார். பன்னிரண்டாவது உதையில் இருந்த ரத்தக்காரர், "தலைவலின்னா மாத்திரை போடச் சொல்லுங்க, என் வண்டிக்குத் தலைவலி இல்லை" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பன்னிரண்டாவது உதையில் யார் வாயிலும் நல்ல சொல் வருவது கஷ்டம். லிஃப்ட்காரர் மேலே ஏறிப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதத்திலிருந்து வண்டி திருந்திவிட்டது. முதல் உதை, தப்பினால் இரண்டாவது. "திட்டு வாங்கினதுல வண்டிக்கே ரோஷம் வந்துடுச்சு" என்று ரத்தக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கலாம். மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

காரணம் இதுதான். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு கிளினிக் சேர்ந்திருந்தது. பரிசோதனைக்கூடத்து மேடம் கூப்பிட்டுச் சொன்னார்: "அதையும் சேர்த்து நீங்களே எடுத்துக்கிட்டு ஒன்பதுக்குள்ள வர முடியுமா, ஒரு வாரம் பார்ப்போம். மூணு நாள் தாமதமாச்சுன்னா மொத்த ரூட்டையும் வேன்காரருக்குக் கொடுத்துடுவேன். எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

வண்டி சமதரையில் சமர்த்து. பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். மச்சானிடம் யோசனை கேட்டார். அதுதான் முதல் தப்பு.

"மாமா, உங்க வண்டியில இன்னும் பாயிண்ட்தானே? ரெண்டு முனை தொட்டுத் தொட்டு விலகி பொறி குடுக்குமே, அது? அதைத் தூக்கிப் போடுங்க. எலக்ட்ரானிக் செட் வருது. தேயாது, கரி பிடிக்காது, பொறி நீளமா வரும். வண்டி பாலத்துல ஏறாது மாமா, பறக்கும்."

"நீ உன் வண்டிக்குப் போட்டிருக்கியா?"

"எனக்கு வண்டி ஏது மாமா? ஆனா வீடியோ நாப்பது பார்த்திருக்கேன்."

மனைவி காதில் விழுந்தது. "நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்கிட்டு யாராவது தங்கப்பல் கட்டுவாங்களா?" என்றாள்.

"உன் தம்பிதான் சொன்னான்."

"அதனாலதான் சொல்றேன்."

செட் பார்சலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் காலைப் பிரார்த்தனைக்குக் கிளம்பியபோது, ரத்தக்காரர் முதல் முறையாக, "நீங்க போயிட்டு வாங்க, கடவுளுக்கு என் நிலைமை தெரியும்" என்றார். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மேக்னட் சக்கரத்தைக் கழற்றினார். அதற்குள்ளே வட்டமான தட்டு. தட்டின் மேல் பழைய பாயிண்ட். இத்தனை வருஷம் ஓடியும் அதன் முனைகள் இரண்டும் நேற்று வாங்கியது போல் பளிச்சென்று இருந்தன. அந்தக் காலத்துப் பொருள், நன்றாகச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு டப்பாவில் போட்டார். தட்டை எடுத்ததும் எஞ்சின் உடம்பு தெரிந்தது. தட்டு எங்கே உட்கார வேண்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரன் வெட்டிய கோடு ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நீல மார்க்கரால் யாரோ இழுத்த குட்டிக்கோடு ஒன்றும் இருந்தது. எந்த ஒர்க்‌ஷாப்காரன் கிறுக்கியதோ? ரத்தக்காரர் பஞ்சை எடுத்தார், ஸ்பிரிட்டில் நனைத்தார், துடைத்தார். எஞ்சின் உடம்பு ஆபரேஷன் அறை மாதிரி ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் படியில் காலடிச் சத்தம். லிஃப்ட்காரர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதிப் படியில் ரத்தக்காரரைப் பார்த்தவர், திருடப் போன இடத்தில் சொந்தக்காரனைக் கண்டவர் போல நின்றுவிட்டார். பிரித்துப் போட்ட வண்டியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ரத்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இல்லாத ஸ்குரூவைத் தேடினார். காலடிச் சத்தம் மேலே ஏறிப் போனது.

புதுத் தட்டில் ஒரு கோடு. கம்பெனிக் கோட்டோடு அதைச் சேர்த்து வைத்து முடுக்கச் சொல்லிக் காகிதத்தில் போட்டிருந்தது. முடி அளவுகூடப் பிசகாமல் சேர்த்து முடுக்கினார்.

திங்கட்கிழமை ஒன்பதாவது உதையில் வண்டி கிளம்பியது. மேலே ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. பாலம் ஏற ஆரம்பித்ததும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக் டக் என்று கேட்டது. முக்கால் பாலத்தில் நின்றேவிட்டது. பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஹாரன் அடித்து அவருக்குப் புத்தி சொன்னார்கள். ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இதுல ரெண்டு குழாய் கெட்டுப்போச்சு. ஒரு அம்மாவுக்கு எழுபது வயசு, நரம்பே கிடைக்காது. அவங்களை மறுபடி வரச் சொல்லி மறுபடி குத்தணும். அந்தக் கையை நினைச்சுப் பாருங்க" என்றார்.

அன்றெல்லாம் ரத்தக்காரர் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிளக்கை மாத்துங்க மாமா" என்றான் மச்சான். மாற்றினார். "காயிலை மாத்துங்க மாமா." மாற்றினார். "பெட்ரோல் சரியில்லையோ என்னவோ" என்றபோது போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடியலில் வண்டி திருப்பி உதைத்தது. கிக்கரை அழுத்தினால் அது பாதியில் எதிர்த்துத் துள்ளி முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டது. ரத்தக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து நாலு கிளினிக்கும் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாற்பது.

"ரெண்டாச்சு" என்றார் மேடம். "நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன்."

திரும்பும் வழியில் முனை ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சிப் பார்த்தார். ஒர்க்‌ஷாப்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, இன்னொருத்தன் பிரிச்ச எஞ்சினை நான் தொடறதில்லை. நீங்களே பிரிச்சதுன்னா அந்த வண்டிப்பக்கமே வர மாட்டேன்" என்றார்.

மாலையில் நாலாவது முறையாக மூடியைக் கழற்றினார். வீங்கின காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் காகிதத்தை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தாள்.

"கோடும் கோடும் சேரணும்னு போட்டிருக்குப்பா."

"சேர்ந்துதான் இருக்கு."

"அப்ப ஓடணுமே."

"அதை வண்டிகிட்ட சொல்லு."

மனைவி கடைசிப் படியில் டீயோடு நின்றாள். "மறுபடி ஒரு தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுப் பாருங்களேன்" என்றாள். பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத்தான் எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று தெரியும். ரத்தக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகைகூட வந்திருக்கும்; எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

வேலை முடிந்து வந்த லிஃப்ட்காரர் யாரையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டி மூன்று படி ஏறினார். நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார். திரும்பி இறங்கி வந்தார்.

"அந்த நீலக் கோடு எங்கே?"

மூன்று வருஷம் கழித்து முதல் பேச்சு.

"எந்தக் கோடு?"

"மார்க்கர் கோடு சார். கம்பெனிக் கோட்டுக்கு இந்தப் பக்கமா இருக்குமே."

"அதுவா? அழுக்குன்னு துடைச்சிட்டேன்."

"எதால?"

"ஸ்பிரிட்டால."

லிஃப்ட்காரர் கண்ணை மூடித் திறந்தார். "துடைப்பீங்க. ஏன் துடைக்க மாட்டீங்க? ஒரு ஞாயிறு முழுக்க உயிரைக் கொடுத்துக் கண்டுபிடிச்சு வெச்ச கோடு. பஞ்சால ஒரு இழுப்பு."

ரத்தக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்குத்தான் முதலில் உறைத்தது. "அது உள்ள இருந்தது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

லிஃப்ட்காரர் விறுவிறுவென்று மேலே போய்விட்டார். வரமாட்டார் என்று நினைத்தார்கள். பிஸ்கட் டப்பாவோடு வந்தார். திறந்தால் மெல்லிய அரம் ஒன்று, இடைவெளி பார்க்கிற தகடுகள், ஒரு துண்டுத் துணி, ஒரு நீல மார்க்கர்.

"லிஃப்ட்ல இதே மாதிரி முனைகள் நிறைய உண்டு" என்றார், தரையைப் பார்த்தபடி. "தொட்டுத் தொட்டு விலகும். கரி பிடிக்கும். நாங்க தேய்ச்சு விடுவோம். உங்க வண்டியிலயும் அதேதான் பிரச்சினைன்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் பிரார்த்தனைக்குப் போனா ஒண்ணரை மணி நேரம் யாரும் இல்லை. எனக்குப் பத்து நிமிஷ வேலை."

"மூணு வருஷமாவா?" என்றாள் மகள்.

"வாரம் தவறாம இல்லம்மா. நடுவுல ரெண்டு ஞாயிறு எனக்குக் காய்ச்சல்."

ரத்தக்காரருக்கு டப்பாவில் போட்ட அந்தப் பளிச்சென்ற பாயிண்ட் நினைவுக்கு வந்தது. வண்டிக்கு வந்த ரோஷமும் நினைவுக்கு வந்தது. எத்தனை பேரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"எனக்காக நீங்க…"

"உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. மேல ஜன்னல் இருக்கு. பதினஞ்சு உதைன்னா அவங்களுக்குத் தூக்கம் போச்சு, தலை போச்சு. ஒரு உதைன்னா முழிச்சாலும் திரும்பத் தூங்கிடுவாங்க. அவ்வளவுதான் கணக்கு." துண்டுத் துணியை மடித்துக்கொண்டே, "ஞாயிறே சொல்ல வந்தேன். நீங்க ஸ்குரூ தேடிக்கிட்டிருந்தீங்க" என்றார்.

ரத்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். மேக்னட் சக்கரத்தை எஞ்சின் தண்டோடு பிடித்து வைக்கும் பள்ளம், பல வருஷ உதையில் அகன்று போயிருந்தது. அதனால் சக்கரம் தன் இடத்திலிருந்து ஒரு சிறு திருகல் திரும்பித்தான் உட்காரும். சக்கரமே கோணலாக இருக்கும்போது, கம்பெனிக் கோட்டை நம்பினால் பொறி முந்திக்கொண்டு விழும். முந்தி விழுந்தால் வண்டி திருப்பி உதைக்கும், ஏற்றத்தில் டக் டக்கென்று அடித்துத் திணறும். லிஃப்ட்காரர் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தையே கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து, கோணலுக்கு ஏற்றபடி தட்டைத் திருப்பி வைத்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்.

"அன்னைக்கு மட்டும் உங்க பிரார்த்தனை சீக்கிரம் முடிஞ்சிருந்தா நான் மாட்டியிருப்பேன்" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"இப்ப எவ்வளவு திருப்பணும்?"

"கோடு இருந்தா பார்த்துச் சொல்லலாம். கோட்டைத்தான் துடைச்சாச்சே." எஞ்சினை உற்றுப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு அரிசி அகலம் இருக்கும்."

"முழு அரிசியா, நொய்யரிசியா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி மாடிக்கு ஓடினாள். கையில் நாலு அரிசியோடு வந்தாள். லிஃப்ட்காரர் அதில் ஒன்றைப் பொறுக்கி, கம்பெனிக் கோட்டை ஒட்டி வைத்தார். மகள் அதை விரல் நுனியால் பிடித்துக்கொண்டாள். ரத்தக்காரர் தட்டைத் தளர்த்தி, அரிசியின் மறுபக்கத்துக்குத் தட்டின் கோடு வரும்வரை திருப்பினார். லிஃப்ட்காரர் மார்க்கரால் ஒரு நீலக் கோடு இழுத்தார். ரத்தக்காரரின் கை அவரை அறியாமல் பஞ்சுப் பக்கம் போனது.

"சார்."

கையை இழுத்துக்கொண்டார்.

சக்கரத்தையும் மூடியையும் மாட்டி முடுக்கினார்கள். ஒரே உதை. வண்டி கிளம்பியது. பழைய பாயிண்ட் காலத்தில்கூட அப்படி ஒரு சீரான சத்தம் கேட்டதில்லை. மகள் கை தட்டினாள். மேலே ஜன்னல் கதவு, இந்த முறை படாரென்று இல்லை, மெதுவாக, உள்ளே இருப்பவருக்குக் கை தூக்கவே தெம்பில்லாதது போல, சாத்திக்கொண்டது. லிஃப்ட்காரர் சட்டென்று அண்ணாந்து பார்த்தார். ரத்தக்காரரும் பார்த்தார். உடனே வண்டியை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் மாத்திரைன்னு சொன்னது…" என்று ஆரம்பித்தார்.

"போடறாங்க சார். கேட்கத்தான் மாட்டேங்குது." லிஃப்ட்காரர் டப்பாவை மூடினார். "இது எலக்ட்ரானிக். தேய்க்கிற வேலை இருக்காது. இனி ஞாயித்துக்கிழமை என்ன பண்றதுன்னுதான் தெரியலை." சொல்லிவிட்டு மேலே போனார்.

புதன்கிழமை வண்டி பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. பறக்கவில்லை, மச்சான் சொன்னதில் பாதி கழித்துக்கொள்ள வேண்டும். எட்டு ஐம்பதுக்குப் பெட்டி மேஜையில் இருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாரக் கடைசியில் ரூட் அவருக்கே என்று ஆயிற்று. எழுபது வயது அம்மாவுக்கு இரண்டாம் முறை எடுத்த ரத்தமும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து மனைவி கேட்டாள்: "என்னங்க, இப்பெல்லாம் நீங்க கிளம்புற சத்தமே கேட்கறதில்லையே. எலக்ட்ரானிக்னா அவ்வளவு அமைதியா?"

"ஆமா" என்றார் ரத்தக்காரர். "எல்லாம் தானா நடக்குது."

புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கும் அவர் அப்படித்தான் கிளம்பினார். படிக்குக் கீழே நின்ற வண்டியின் ஸ்டாண்டைக் காலால் தட்டாமல் குனிந்து கையாலேயே மடக்கினார். ஐஸ் பெட்டியோடு வண்டி பொதி சுமந்த மாடு மாதிரி கனக்கும். முழங்காலுக்குக் கீழே இன்னும் வலி இருந்தது. ஒரே உதையில் கிளம்புகிற வண்டியைத் தெருவோடு தள்ளிக்கொண்டு போனார். சாத்திக் கிடந்த கடைகளையும் ஒர்க்‌ஷாப்பையும் தாண்டித் தெரு முனை திரும்பும்வரை தள்ளினார். தெருவில் யாரும் இல்லை. அங்கிருந்து அந்த ஜன்னல் தெரியாது. ஒருமுறை திரும்பிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார். நெற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு உதைத்தார்.